சிவப்பு இறங்கிவிடும் என்றார்

பழைய வீடுகளை இடிப்பது என் வேலை. இடிக்கிறவன் கையில் நல்ல சாமான் நிறையச் சிக்கும். குப்பை லாரியில் ஏற்று என்பார்கள்; வாய்விட்டுக் கேட்டால் எடுத்துக்கொண்டு போ என்பார்கள். அப்படிச் சேர்த்த ஜன்னல்கள் என் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றன. எல்லாம் ரெட்வுட் மரச் சட்டம் போட்டவை. கரையான் தொடாது. இன்றைக்குக் கடையில் அந்த மரம் தேடினாலும் கிடைக்காது. அதில் ஒன்று மட்டும் மாதா கோயில் அலுவலகத்தை இடித்தபோது வந்தது. மேல்பாதியில் பச்சைக் கண்ணாடி. அதைப் பார்த்த அன்றே என் மகள் யாரெலி கை வைத்துவிட்டாள்.

"இது எனக்கு, அப்பா. சமையலறைக்கு. காலைல வெயில் பட்டா சுவரெல்லாம் பச்சையா விழும். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

யாரெலியும் அவள் புருஷனும் சமவெளியில் ஒரு ஆரஞ்சுக் கிடங்கில் வேலை செய்கிறார்கள். யாரோ ஒருவருடைய கார் கொட்டகையில் குடித்தனம். குளிர்காலத்தில் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. பிள்ளை பிறப்பதற்குள் எங்கள் பின்பக்கத்து இடத்தில் இரண்டு அறை வைத்து ஒரு சின்ன வீடு எழுப்பிவிடுவது என்று தீர்மானம். வரைபடம் போட்டாகிவிட்டது. சுருட்டி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தோம். தரையில் சுண்ணாம்புக் கோடு கூடக் கிழித்துவிட்டேன். நகர அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் ஆர்தேமியோ வந்தார்.

ஆர்தேமியோ யாரெலிக்கு ஞானத்தகப்பன். அவரும் நானும் ஒரே ஏணியை மாற்றி மாற்றிச் சாய்த்து ஆரஞ்சு பறித்தவர்கள். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் வரை வாடா போடாதான். பிள்ளை தலையில் தண்ணீர் விழுந்த பிறகு அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொம்பாத்ரே. அப்புறம் நீங்க, வாங்க என்றுதான் பேச வேண்டும். அது ஸ்பானிஷ் பேசுகிற எங்கள் ஆட்களின் வழக்கம். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு கூடாது. பிறகு அவர் இங்கிலீஷ் படித்து, சொந்தமாகக் கடை வைத்து, எங்கள் தெருவிலிருந்து நகர மன்றத்துக்குப் போன முதல் ஆள் ஆனார். அவருக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவன் நான். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றதே நாற்பது தாண்டித்தான். அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் அவரிடம்தான் கொண்டுபோவேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. என் மனைவி எலோய்சா அவருக்கு மெனுடோ சூப் ஊற்றி வைத்திருந்தாள். அவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார்.

"மாநிலத்துலேர்ந்து வந்திருக்கு, கொம்பாத்ரே. காட்டுத்தீ வந்தா எந்தப் பக்கம் ஆபத்துன்னு நிறம் போட்டிருக்கான். மஞ்சள் பரவால்ல. ஆரஞ்சு கொஞ்சம் மோசம். சிவப்பு ரொம்ப மோசம்."

எங்கள் தெரு சிவப்பில் இருந்தது. பின்னால் இருக்கிற மலையிலிருந்து ஒழுகி வந்த மாதிரி சிவப்பு தெருமுனை வரை இறங்கி, பெட்ரோல் பங்கோடு நின்றிருந்தது.

"சிவப்புன்னா?" என்றேன்.

"புதுசா என்ன கட்டினாலும் தீக்குன்னு தனிச் சட்டம். கூரை, சுவர், ஜன்னல், எல்லாத்துக்கும். உங்க ஜன்னலெல்லாம் விறகுக்குத்தான்."

எலோய்சா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நாளைக்கே போய் மனுவைக் குடு, கிழவா. சட்டம் வர்றதுக்குள்ள."

"அவசரப்படாதீங்க கொம்மாத்ரே" என்றார் ஆர்தேமியோ. "இதை நகர மன்றம் ஏத்துக்கிட்டாத்தான் சட்டம். வசந்தத்துலதான் ஓட்டு. அதுக்குள்ள நாம மலையைச் சுத்தம் பண்ணிடுவோம். புல்லு, புதரு, செத்த மரம், எல்லாம். மலை மொட்டையா நின்னா எப்படிய்யா சிவப்பு போடுவான்? சிவப்பு இறங்கிடும். தெருவுக்கே இறங்கும். நீங்க ஒருத்தர் மட்டும் முந்திக்கிட்டு மனு குடுத்தா, நசாரியோவுக்கே நம்பிக்கை இல்லைன்னு மத்தவங்க வீட்டோட இருந்துடுவாங்க. உங்க வார்த்தைக்குத்தான் ஆள் வரும். என் வார்த்தைக்கு இப்பல்லாம் கைதட்டல்தான் வருது."

எலோய்சா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டு வரைபடம் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது.

எனக்கு அவர் சொன்னது புரிந்தது, அதுதான் சங்கதி. வேலை செய்தால் ஒரு இடம் மாறும். நான் பார்த்ததெல்லாம் அப்படித்தான். புதர் மண்டிய இடத்தை வெட்டினால் வெளிச்சம் வரும். வந்து பார்க்கிறவன் அடையாளம் தெரியாமல் நிற்பான். தெருவில் யாரிடம் சொன்னாலும் உடனே புரிந்துகொண்டார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஞாயிறு ஞாயிறாக மலையில் இருந்தோம். பூசை முடிந்து நேரே மேலே. ஆண்கள் ரம்பம், புல்வெட்டி மெஷின், மண்வெட்டி. பெண்கள் வெட்டினதை இழுத்துக் குவிப்பார்கள். மதியம் பீன்ஸும் டோர்ட்டியா ரொட்டியும் ஒரு பாறை மேல் பரப்புவோம். மன்சனீட்டாப் புதர் வேர் இருக்கிறதே, இரும்பு மாதிரி. ஒரு புதருக்கு ஒரு முதுகு போகும். அதில் தொட்டால் அரிக்கிற கொடி வேறு.

பக்கத்து வீட்டுக் குக்கோ முதல் வாரமே அதில் சிக்கி முகமெல்லாம் வீங்கி வந்தான்.

"என்னடா, பொண்டாட்டி அடிச்சாளா?" என்றேன்.

"அவ அடிச்சா இவ்வளவு அழகா வீங்காது. நசா, நான் ஒண்ணு கேக்கறேன். வாரம் ஆறு நாள் வெள்ளைக்காரன் தோட்டத்துல புல்லு வெட்டறேன். ஏழாவது நாள் கடவுளே ஓய்வெடுத்தாரு. எனக்கு மட்டும் ஏன்டா மலை?"

"கடவுளுக்கு இன்சூரன்ஸ் வேணாம்."

"ஆமா. அவருக்கு வீடும் மேல இருக்கு, தீயும் எட்டாது."

இனி உங்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று கம்பெனிக்காரன் கடிதம் தெருவில் பாதிப் பேருக்கு ஏற்கனவே வந்திருந்தது. சிவப்பு வந்தால் மீதிப் பேருக்கும் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் குறை சொல்லிக்கொண்டே வந்தார்கள், வராமல் இல்லை. வராதவன் வீட்டுக் கதவை நான் போய்த் தட்டினேன். "ஆர்தேமியோ சொல்லியிருக்கார், சிவப்பு இறங்கிடும்" என்றேன். எத்தனை வாசலில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆர்தேமியோவும் முதலில் வந்தார். புதுக் கையுறை. பழைய வேகம் இல்லை என்றாலும் குனிந்து வெட்டினார். பிறகு கூட்டம் இருக்கிறது, பார்க்க ஆள் வருகிறார் என்று சொல்லி வருவது குறைந்தது. உச்சியில் ஆரஞ்சு நாடா கட்டிய மரக்குச்சிகள் வரிசையாக நட்டிருந்தன. குக்கோ அதைக் காட்டி என்னவென்று கேட்டான். "சும்மா அளவு எடுக்கறாங்க. அதைப் பிடுங்கிடாதீங்க" என்றார் ஆர்தேமியோ. நாங்கள் குச்சிகளைச் சுற்றிப் பதமாக வெட்டினோம்.

ஏப்ரலில் மலை முகம் மழித்த மாதிரி நின்றது. தெருவில் நின்று பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. யாரெலி வந்தாள், வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. தார்ப்பாயைத் தூக்கிப் பச்சைக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஓட்டு நடந்த சாயங்காலம் மன்ற அறையில் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. காதில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள்; அதில் ஒரு பெண் எல்லாவற்றையும் ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். மேடையில் ஐந்து பேர். வலது கோடியில் ஆர்தேமியோ, நீலக் கழுத்துப்பட்டை. துணை மேயர் என்று பலகை மாறியிருந்தது. எங்கள் ஊரில் மேயரை மன்றத்தில் இருக்கிறவர்களே முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்; அடுத்த முறை அவருடையது என்று அர்த்தம். எலோய்சா என் விலாவில் இடித்து, "உன் கொம்பாத்ரே பெரிய ஆளாயிட்டார்" என்றாள்.

பொதுமக்கள் பேசலாம் என்றதும் நான் எழுந்தேன். பேசுகிறவனுக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. நேரம் முடிந்தால் அதுவும் சிவப்பு ஆகும். கையில் ஃபோட்டோக்கள் வைத்திருந்தேன். ஜனவரியில் மலை, இப்போது மலை.

"நாங்க கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல" என்றேன். "சொன்ன வேலையைச் செஞ்சு முடிச்சிட்டோம். வந்து பாருங்க. பாத்துட்டு நிறத்தை இறக்கிப் போடுங்க. அவ்வளவுதான்."

பின்னால் எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். மேயர், தீயணைப்புத் துறையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவைப் பதில் சொல்லச் சொன்னார். கேப்டன் ஹோல்பர்ட் என்று பெயர். நரைத்த தலை, முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. ஃபோட்டோக்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"முதல்ல உங்களுக்கு நன்றி" என்றார். "இவ்வளவு நல்லா சுத்தம் பண்ணின சரிவை நான் அதிகம் பாத்ததில்ல. தீ வந்தா இது உங்க வீட்டைக் காப்பாத்தலாம். ஆனா இந்த வரைபடம் புல்லைப் பாக்கறதில்ல. மலையோட சாய்வு, காத்து வர்ற திசை, அம்பது வருஷத்துல அங்க என்ன வளரும்னு பாக்குது. இன்னைக்கு வெட்டினது நாளைக்கு வளந்துடும் இல்லையா? அதனால வெட்டினதைக் கணக்குல எடுக்கறதே கிடையாது. இன்னொண்ணும் சொல்லணும். நகர மன்றம் விரும்பினா நிறத்தை ஏத்தலாம். இறக்க அதுக்கு அதிகாரமே இல்லை."

காதுக் கருவியில் அந்தப் பெண்ணின் குரல் ஒரு கணம் தாமதமாக வந்து நின்றது. நான் அதைக் கழற்றி உதறிவிட்டு மறுபடி மாட்டினேன். கருவி நன்றாகத்தான் இருந்தது.

"முந்தியே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றேன்.

"சொன்னோமே" என்றார் அவர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, அன்பாகத்தான் சொன்னார். "டிசம்பர்லயே இந்த மன்றத்துல இருக்கற எல்லாருக்கும் விளக்கினேன். துணை மேயர் ஆர்தேமியோ இதே கேள்வியைத்தான் கேட்டார், புல்லை வெட்டினா நிறம் மாறுமான்னு. ரொம்ப நல்ல கேள்வி. மாறாதுன்னு அப்பவே சொன்னேன்."

நான் ஆர்தேமியோவைப் பார்த்தேன். அவர் தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார். பிறகு மூடினார்.

டிசம்பரில் கேட்டிருக்கிறார். ஜனவரியில் என் வீட்டு மேசையில் சூப்பைத் தள்ளிவிட்டு வரைபடத்தை விரித்தார்.

என் முன்னால் விளக்கு சிவப்பானது. உட்கார்ந்துவிட்டேன். ஓட்டு எடுத்தார்கள். அவசரத் தீர்மானம், அன்றைக்கே அமல். ஐந்து பேரும் சரி என்றார்கள். ஆர்தேமியோவின் குரல் தெளிவாக இருந்தது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குக்கோ மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுடா."

"சரி. தெரியாதுன்னே வெச்சுக்குவோம். ஆனா என் வாசல்ல வந்து நின்னது ஆர்தேமியோ இல்ல நசா. நீ."

அவன் புல்வெட்டி மெஷின் மலையில் மோட்டார் எரிந்து வீணாய்ப் போனது. அதை அவன் சொல்லவில்லை. சொல்லாமல் வண்டியில் ஏறிப் போனான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் சுருட்டிய வரைபடத்தோடு நகர அலுவலகம் போனேன். கட்டட அனுமதி வாங்குமிடத்தில் ஒரு பெண் அதை விரித்துப் பார்த்தாள். தெருப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஐயோ, நேத்து வரைக்கும் குடுத்திருந்தா பழைய சட்டத்துலயே போயிருக்குமே ஐயா. இனிமே இதெல்லாம் மாத்தணும். ஜன்னல் ரெட்டைக் கண்ணாடி வேணும், அதுவும் சூடு தாங்கற கண்ணாடி. வெளிச்சுவர் மரம் கூடாது. கூரைக்கடியில காத்துத் துவாரத்துக்குப் பொறி உள்ள போகாத வலை. புதுசா வரைஞ்சுதான் குடுக்கணும்."

"என்கிட்ட ஜன்னல் இருக்கு" என்றேன். "நல்ல மரம்."

"நல்ல மரமாத்தான் இருக்கும். பாஸ் ஆகாது." பிறகு ஆறுதலுக்கு என்று நினைத்தாளோ என்னவோ, "உங்களுக்கு யாரும் சொல்லலையா? மலை உச்சியில பெரிய வீடுங்க வரப்போகுதில்ல, அவங்க பிப்ரவரியிலயே எல்லாத்தையும் குடுத்துட்டாங்க. கீழச் சரிவைச் சுத்தமா வெட்டி வெக்கணும்னுதான் அவங்களுக்கு ஒரே நிபந்தனை. அதையும் முடிச்சிட்டதா சொன்னாங்க" என்றாள்.

முடித்துவிட்டார்களாம். நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

என் கையில் வரைபடம் திரும்பி வந்ததே எலோய்சாவுக்குப் போதுமாக இருந்தது. யாரெலியிடம் ஃபோனில் அவள்தான் பேசினாள். அப்புறம் என்னிடம் கொடுத்தாள்.

"ஞானப்பாவா?" என்றாள் யாரெலி. "அவருக்குத் தெரிஞ்சேவா, அப்பா?"

"ஆமா."

"என் கல்யாணத்துல எங்க ரெண்டு பேர் தோளையும் சேத்துப் போட்ட லாசோக் கயிறு, அவர்தானே வாங்கிக் குடுத்தார்" என்றாள். அடுத்த வாரம் அவர்கள் அவள் புருஷனின் அண்ணன் இருக்கிற ஊருக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். பாலைவனத்துப் பக்கம், ஒரு நாள் பயணம். அங்கே கிடங்கு வேலை இருக்கிறது, வாடகைக்கு ஒரு வீடும் இருக்கிறது. பேரப்பிள்ளை அங்கேதான் பிறக்கும்.

மே மாதம் இரண்டு மழை தவறி வந்தது. வெட்டின மலையில் புல் மறுபடி முழங்கால் உயரம். அப்புறம் வெயில். அந்த அம்மா சொன்னது சரிதான். உச்சியில் வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் ஜன்னல்களைத் தார்ப்பாயிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது ஆர்தேமியோ பின்பக்கக் கதவைத் திறந்து வந்தார். கையில் ஒரு ரொட்டிப் பெட்டி. எப்போதும் வாங்கி வருகிற கடைதான்.

"நல்லா இருக்கீங்களா, கொம்பாத்ரே?"

நான் அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் பெட்டியை வைக்க இடம் தேடி, கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மலையில புல்லு காய ஆரம்பிச்சிடுச்சு" என்றார். "ஜூலைக்குள்ள வெட்டலைன்னா பெரிய ஆபத்து. இது நிஜமாத்தான். நிறத்துக்காக இல்ல. நம்ம வீடுங்களுக்காக. ஒரே ஒரு ஞாயிறு. நீங்க கூப்பிட்டாத்தான் வருவாங்க."

"ஜனவரியில எலோய்சா சூப் ஊத்தினப்ப உங்களுக்குத் தெரியும்."

அவர் மறுக்கவில்லை. அதற்காக அவரை மெச்ச வேண்டுமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. தீ வரும், வாங்க வெட்டுவோம்னு சொன்னா எத்தனை பேர் வந்திருப்பாங்க? குக்கோ வந்திருப்பானா? நிறம் இறங்கும்னா வந்தான். எப்படியோ மலை சுத்தமாச்சா இல்லையா? அந்த கேப்டனம்மாவே வீடு தப்பும்னு சொன்னாங்களே."

"மேல வீடு கட்டறவனுக்கும் சுத்தமாச்சு."

"அவங்க வந்தா நகரத்துக்கு வரி வரும், கொம்பாத்ரே. நம்ம தெருவுக்கும்தான் ரோடு போடுவாங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். புல்லு வெட்டச் சொன்னீங்க, வெட்டினோம். அதை நான் மறந்துடுவேன். என் மனுவை ஏன் நிறுத்தினீங்க? ரகசியமா ஒரு வார்த்தை. 'நசாரியோ, நீ மட்டும் குடுத்துடு, யார்கிட்டயும் சொல்லாதே.' அது போதுமே. அவ உங்க ஞானமகளும்தானே?"

அவர் ரொட்டிப் பெட்டியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மனு குடுத்திருந்தா மறுநாளே தெருவுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆளு நின்னுபோயிருக்கும்" என்றார். "யாரெலிக்கு அப்புறமா ஏதாவது வழி பண்ணிடலாம்னு நெனச்சேன். மேல கட்டறவங்ககிட்ட மிச்ச ஜன்னல் இருக்கும். சட்டத்துக்குச் சரியானது. நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு உள்ளே எங்கேயோ அறுத்தது.

பச்சைக் கண்ணாடி ஜன்னல்தான் கடைசி. பெரியது, தனியாளாகத் தூக்க முடியாது. "அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அவர் பிடித்தார். கண்ணாடி தூக்கும்போது இரண்டு பேரும் ஒரே அடியாக எடுத்து வைக்க வேண்டும். ஒருவன் முந்தினால் உடையும். ஏணி தூக்கிய காலத்துப் பழக்கம், அவருக்கு மறக்கவில்லை. வண்டி வரைக்கும் அடி பிசகாமல் போனோம். அலுங்காமல் ஏற்றினோம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"எங்க கொண்டுபோறீங்க? யாரெலிக்குன்னு வெச்சதில்லையா?"

"குக்கோவோட கோழிக்கூண்டுக்கு. அவனுக்கு நான் குடுக்க வேண்டியது இருக்கு. கோழிக்கு மனு வேண்டாம்."

அவர் சிரிப்பதா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் வண்டியின் பின்கதவை மூடினேன்.

"ஞாயித்துக்கிழமை வருவீங்களா, கொம்பாத்ரே?"

"குக்கோ வாசல்ல நீயே போய்க் கேளு, ஆர்தேமியோ" என்றேன். "எல்லா வாசல்லயும் நீயே கேளு. என்ன சொல்றதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடி ஆடாமலிருக்க மெதுவாகத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் தெருமுனை திரும்புகிற வரை அவர் வண்டியின் பக்கக் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தார், பின்னால் காய்ந்த மலையோடு.